காய்ச்சலுக்கு 'மர்மம்' என்று பெயர் வைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் மாவட்டப் பக்கத்தில் 'மர்மக் காய்ச்சலால் மக்கள் பீதி' என்று தலைப்புப் போட்டிருந்தீர்கள். முப்பது வருடமாக உங்கள் பத்திரிகையை வாங்குகிறவன் நான். அந்த ஒரு சொல்லைப் படித்ததும் காபி தொண்டையில் இறங்கவில்லை. காய்ச்சலில் மர்மம் என்ன இருக்கிறது ஐயா? ரத்தம் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள், இல்லை பார்த்ததைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான்கு வருடம் முன்பு, மழை விட்ட சமயம், என் பேத்திக்கு ஒன்பது நாள் காய்ச்சல். முதல் டாக்டர் வைரல் என்றார். அடுத்தவர் டைபாய்டு என்று ஊசி போட்டார். மூன்றாவதாகப் பார்த்த டாக்டரம்மா அவள் கையைத் தூக்கச் சொல்லி அக்குளைப் பார்த்தார். பீடியால் சுட்டது போல ஒரு கறுப்புப் பொருக்கு. வலி இல்லாததால் பிள்ளையும் சொல்லவில்லை. புதரில் இருக்கும் உண்ணி கடித்த இடம் அது. வந்தது உண்ணிக் காய்ச்சல் (ஸ்க்ரப் டைபஸ்). டாக்ஸிசைக்ளின் மருந்து கொடுத்த இரண்டாம் நாள் இட்லி கேட்டாள். அப்புறம் விசாரித்தால், எங்கள் தெருவிலேயே இன்னும் மூன்று பேருக்கு அதே காய்ச்சல். புதர்க்காட்டை ஒட்டிய தெரு அது. யாரும் வந்து ஒரு கேள்வி கேட்கவில்லை. கொசுப் புகை அடித்துவிட்டுப் போனார்கள். புதரில் இருக்கும் உண்ணியைக் கொசுப் புகை என்ன செய்யும்?

இந்த மாவட்டம் ஒரு காலத்தில் இப்படி இல்லை. உங்களுக்குத் தெரியாததல்ல. 1980-களில், வட ஆற்காடு மாவட்டம் பிரிவதற்கு முன், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை டாக்டர் ஜேக்கப் ஜான் நடத்திய நோய்க் கண்காணிப்புக்கு, தங்களிடம் என்ன நோய் வந்தது என்று தனியார் டாக்டர்களும் அஞ்சலட்டை எழுதினார்கள். நான் கம்பவுண்டராக இருந்த கிளினிக்கிலும் கட்டுக் கட்டாக அட்டை இருக்கும். டாக்டர் எழுதித் தருவார், சாயங்காலம் நான் தபால் பெட்டியில் போடுவேன். எங்கே என்ன நோய் என்று மாதம் ஒரு மடல் திரும்பி வரும். போன்கூட இல்லாத கிளினிக் ஐயா அது. இன்று எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறுகிறது, படுத்துக் கிடக்கிற தெருவுக்கு மட்டும் ஒரு வரி வருவதில்லை.

வாந்திபேதி வந்தாலும் இதே கதைதான். கண்டதைச் சாப்பிட்டோம் என்று பழி எங்கள் தலையில் விழும். 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா என்று வெளிப்படையாகச் சொன்னார்கள், சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். பெயரைச் சொன்னால்தானே ஜனம் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும்? இங்கே கேட்டால், தொட்டியில் குளோரின் போட்டாச்சு என்கிறார்கள். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது நிற்க வேண்டுமே! சாக்கடைக்குள்ளேயே குழாய் ஓடும் எங்கள் தெருவில், தண்ணீரில் குளோரின் சோதிக்கும் சொட்டு மருந்தை விட்டு மஞ்சள் நிறம் ஏறுகிறதா என்று ஒருவரும் பார்த்து நான் கண்டதில்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். போன வாரம் நீங்கள் எழுதிய ஊரின் ரத்தப் பரிசோதனை முடிவு என்ன ஆனது என்று உங்கள் நிருபரைத் திரும்பப் போய்க் கேட்டு எழுதச் சொல்லுங்கள். நான்கு வரி போதும். அதுவரை அந்த 'மர்ம'த்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கம்பவுண்டர்,
வேலூர் மாவட்டம்.