மலைப்பாதை பைக் சங்கம்: 2024–25 ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், தூறலையும் பார்க்காமல் பண்ணைக்காடு வரை வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். போன பொதுக்குழுவில் அறிக்கை நீளம் என்று குறை வந்தது. இந்த முறை வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், அதனால் நான் பணக்கணக்கைத் தொடவில்லை. மிச்சமாகும் நேரத்தில் பாதியை ஒரே விஷயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். வண்டியில் ஏறும்போது நம் உடம்பில், முக்கியமாகக் காலில், என்ன மாட்டியிருக்கிறோம் என்பதுதான் அது.

முதலில் இடம். நாம் ஓட்டுவது முழுக்கப் பட்டா நிலத்தில்தான். தாண்டிக்குடிப் பக்கம் காபி எஸ்டேட்டுகளின் ஜீப் பாதைகள், பண்ணைக்காட்டுக்குக் கீழே தரிசாகக் கிடக்கும் ஒரு மேடு, இவ்வளவுதான் நமக்கு அனுமதி கிடைத்தவை. புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சுத்தி இவ்வளவு காடு கிடக்கே, உள்ள ஒரு ரவுண்டு போனா என்ன?" கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்டது. பரப்பு 600 சதுர கிலோமீட்டருக்கு மேல். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் சரணாலயத்துக்குள் போவதே குற்றம். பைக்கோடு போய் மாட்டிக்கொண்டால் சங்கம் வந்து நிற்காது, இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். எஸ்டேட் பாதையிலும் காட்டுமாடு நிற்கும், கீழ்ப்பகுதிகளில் யானை வரும். எந்த மிருகத்தைப் பார்த்தாலும் எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்கும் பழக்கத்தைப் பெரும்பாலானோர் பிடித்துக்கொண்டார்கள். சைலன்சரை மாற்றிக்கொண்டு வருகிறவர்கள் மட்டும் இன்னும் பிடிக்கவில்லை.

காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் எஸ்டேட் பாதைகள் நமக்கு அடைப்பு. மூட்டையோடு ஆட்கள் நடக்கும் பாதையில் நாம் மண்ணை வாரி இறைத்துக்கொண்டு போக முடியாது. அந்த இடைவெளியில் மழை அரித்த இடங்களில் கல் போட்டு, கான் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டோம். வந்து மண்வெட்டி பிடித்தவர்களுக்கு நன்றி. வராதவர்கள் பட்டியலைத் தலைவர் வைத்திருக்கிறார்.

நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பது எக்ஸ்பல்ஸ், ஹிமாலயன், இரண்டொரு பழைய ஆர்.எக்ஸ். 100. சிலரிடம் பந்தயத்துக்கென்றே செய்த டர்ட் பைக் இருக்கிறது. அதற்குப் பதிவு எண் கிடையாது, ரோட்டில் ஓட்டவும் கூடாது. "ஐந்து நிமிஷம்தானே, கேட் வரைக்கும்தானே" என்ற பேச்சுக்கு இடமில்லை. பிக்கப்பில் ஏற்றிக் கொண்டுவாருங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஐப்பசி மழையில் நம் உறுப்பினர் ஒருவர் விழுந்தது எல்லோருக்கும் தெரியும். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், பெயர் வேண்டாம் என்றார். வேகமே இல்லை. முதல் கியரில், நடந்துபோகிற வேகத்தில், ஜீப் பாதையின் கொண்டை ஊசி வளைவில் வண்டியைத் திருப்பினார். செம்மண் நனைந்து எண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டிருந்தது. பின் சக்கரம் விலக, இடது பக்கம் சாய்ந்தார். கிட்டத்தட்ட 200 கிலோ எடையுள்ள வண்டி காலின் மேல் உட்கார்ந்தது. பாதம் ஃபுட்ரெஸ்டுக்கும் மண்ணுக்கும் நடுவில் மாட்டி முறுகிவிட்டது. தலையில் முழு ஹெல்மெட், கையில் கிளவுஸ், எல்லாம் ஒழுங்காக இருந்தன. காலில் மட்டும் கேன்வாஸ் ஷூ. கணுக்காலின் இரண்டு பக்க எலும்பும் போய்விட்டன.

அதற்கப்புறம்தான் நம் மலையின் கதை தொடங்குகிறது. அந்தப் பள்ளத்தில் போன் சிக்னல் இல்லை. ஒருவர் மேலே ஏறிப்போய்த்தான் தகவல் சொன்னார். பிக்கப்பில் படுக்கவைத்து, பெரும்பாறை, சித்தரேவு வழியாக ஒவ்வொரு வளைவிலும் அவர் கத்துவதைக் கேட்டுக்கொண்டே வத்தலக்குண்டுக்கு இறங்கி, அங்கிருந்து மதுரை. பிளேட், ஸ்க்ரூ வைத்து ஆபரேஷன். அவர் ஜீப் டிரைவர், போனது கிளட்ச் மிதிக்கிற கால். மாதக்கணக்கில் வண்டியில் உட்கார முடியவில்லை. நல்ல பூட்ஸ் விலை அதிகம் என்று இந்தக் கூட்டத்தில் யாராவது எழுந்து சொல்வதற்கு முன், அவர் இழந்த வாடகை வரும்படியைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

தலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், போலீஸும் அபராதம் போடுகிறது. காலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ரோட்டில் விழுகிறவன் சறுக்கிக்கொண்டு போவான். மண்பாதையில் விழுகிறவன் பெரும்பாலும் வண்டிக்கு அடியிலேயே கிடப்பான். கல் தட்டும், வேர் இழுக்கும், பள்ளத்தில் கால் ஊன்றும்போது முழங்கால் திரும்பும். அதனால் மண்பாதைக்கென்றே செய்த ஆஃப்ரோடு பூட்ஸ் என்பது முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை வரும், முன்பக்கம் கெட்டி பிளாஸ்டிக் தகடு, அடியில் வளையாத கெட்டி சோல், பக்கவாட்டில் கணுக்கால் முறுகாமல் பிடித்துக்கொள்ளும் அமைப்பு. மாட்டினால் முதல் வாரம் கியர் லீவர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பிரேக்கும் அப்படித்தான். லீவரைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துக்கொண்டு, தரிசு மேட்டிலேயே பழகிவிட்டு அப்புறம் பாதையில் இறங்குங்கள். கட்டடவேலை பூட்ஸும் ராணுவ பூட்ஸும் கேன்வாஸைவிட மேல்தான், ஆனால் முறுகலைத் தடுக்காது. பத்தாயிரத்துக்குக் கீழே நல்லது கிடைப்பது அரிது, அதை மறைக்கவில்லை.

ஹெல்மெட் பற்றிப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சில வார்த்தை. உள்ளே இருப்பது தெர்மாகோல் வகை நுரை. அடியை வாங்கி நசுங்குவதுதான் அதன் வேலை, நசுங்கியது திரும்ப எழாது. பலமாக ஒருமுறை அடிவாங்கிய ஹெல்மெட் வெளியில் பளபளவென்று இருந்தாலும் அதன் வேலை முடிந்தது. ஹெல்மெட் போட்டால் சாவின் வாய்ப்பு 42 சதவீதமும், தலைக்காயத்தின் வாய்ப்பு 69 சதவீதமும் குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லியிருக்கிறார்கள். பட்டையைச் சரியாக மாட்டினால்தான் அந்தப் பலன். கன்னத்தை அழுத்த வேண்டும், தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது. நீண்ட தாடையும் மேலே தொப்பி விளிம்பும் வைத்த ஆஃப்ரோடு ஹெல்மெட்டில் மூச்சு வாங்க இடம் உண்டு. கண்ணாடி மூடியுள்ள ரோட்டு ஹெல்மெட் நம் பனிமூட்டத்தில் வேர்த்துப்போய் வழியே தெரியாது, அதனால்தான் கண்ணைச் சுற்றி மூடும் காகிள்ஸ். காபிச் செடிக்கு மேல் சில்வர் ஓக் நிழல் இருப்பதால் கறுப்பு லென்ஸ் வேண்டாம், தெளிந்த லென்ஸ் போதும்.

வெளிநாட்டு முத்திரை மட்டும் உள்ள ஹெல்மெட் வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. பொருள் தரமாகவே இருக்கலாம். ஆனால் 2021 ஜூன் 1 முதல் இந்தியாவில் இருசக்கர ஹெல்மெட்டுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ரோட்டில் வரும்போது சட்டம் கேட்பது அந்த முத்திரையைத்தான்.

உடம்புக் கவசத்தில் ஏமாற்று அதிகம். ஜாக்கெட்டுக்குள் கைவிட்டுப் பார்த்தால் வெறும் ஸ்பாஞ்ச் துண்டு வைத்துத் தைத்திருப்பார்கள். உண்மையான கவசத்தில் பைக் ஓட்டுகிறவன் படமும், இஎன் 1621 என்ற தர எண்ணும், 1 அல்லது 2 என்ற நிலையும் அச்சிட்டிருக்கும். முதுகுக் கவசத்தில் முதல் நிலை என்றால் சோதனையில் கொடுக்கும் அடியில் சராசரியாக 18 கிலோநியூட்டன் விசை வரை உள்ளே கடத்தலாம், இரண்டாம் நிலையில் 9 வரைதான். பாதிக்குப் பாதி வித்தியாசம், விலையில் அவ்வளவு வித்தியாசம் இல்லை. முழங்கால் கார்டும் முழங்கைக் கார்டும் இறுகப் பிடித்திருக்க வேண்டும். விழும்போது கீழே நழுவிப்போகும் கார்டு போட்டும் போடாததுதான்.

கவசம் போட்டால் ஒன்றும் ஆகாது என்றும் நினைக்க வேண்டாம். தை மாதத்தில் தரிசு மேட்டில் இன்னொருவர் விழுந்தார். உச்சி முதல் பாதம் வரை எல்லாம் மாட்டியிருந்தார், ஆனாலும் காறை எலும்பு உடைந்தது. கையை நீட்டி ஊன்றி விழுந்தால் அந்த அதிர்ச்சி கை வழியாகத் தோளுக்குப் போய் அங்கே முடியும், அதைத் தடுக்கிற ஜாக்கெட் இல்லை. 2021 டக்கார் ராலி என்ற நெடுந்தூரப் பாலைவனப் பந்தயத்தில் ஏர்பேக் ஜாக்கெட்டைக் கட்டாயமாக்கினார்கள். அதே ராலியின் 4-ஆம் கட்டத்தில் பெங்களூரு வீரர் சி.எஸ். சந்தோஷ் விழுந்து தலையில் அடிபட்டார். ஹெலிகாப்டரில் ரியாத் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள், மருந்து கொடுத்துக் கோமாவில் வைத்திருந்தார்கள், பிழைத்து வந்தார். அங்கே பாலைவனத்தில் ஹெலிகாப்டர் காத்திருக்கிறது. நமக்கு இருப்பது சித்தரேவு இறக்கம்.

இனி நம் கவச அறை. காசு போட்டு உறுப்பினர்கள் எல்லோருக்கும் பொதுவாக வாங்கிவைத்த கார்டுகளும் பூட்ஸும் எஸ்டேட் பழைய ஸ்டோரில் இருக்கின்றன. யோசனை நல்லதுதான், நடைமுறை தலைவலி. பனியில் எல்லாம் பூஞ்சை பிடிக்கிறது. நனைந்த பூட்ஸை அடுப்போரம் வைத்து ஒருவர் பிளாஸ்டிக்கை வளைத்துவிட்டார். பழைய பேப்பரைத் திணித்து நிழலில் வையுங்கள் என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். இன்னொருவர் ஹெல்மெட்டுகளைப் பெட்ரோல் கேனுக்கு மேல் அடுக்கியிருந்தார். பெட்ரோல் அந்த நுரையைக் கரைத்துவிடும், அதனால் அவற்றை ஒதுக்கிவிட்டோம். ஜெர்சி, கிளவுஸ் வாடையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, உள்ளே போய் வந்தவர்களுக்குத் தெரியும். செயற்குழு முடிவு இது: பூட்ஸ், முழங்கால் கார்டு, முதுகுக் கவசம் பொதுவில் இருக்கலாம். ஹெல்மெட் இனி பொதுவில் இல்லை. ஒருவர் தலைக்கு இறுகியது இன்னொருவர் தலையில் ஆடும், எப்போது அடிவாங்கியது என்ற வரலாறும் யாருக்கும் தெரியாது.

இதற்கு எதிர்ப்பும் வந்தது, மறைக்க வேண்டியதில்லை. மூத்த உறுப்பினர் ஒருவர், "என்ன தம்பி, நிலாவுக்கா போறோம்? நான் செருப்போட எக்ஸ்.எல். ஓட்டி இந்தப் பாதையிலதான் பொண்ணக் கட்டிக் கொடுத்தேன்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. மிளகும் ஆரஞ்சும் ஏற்றிக்கொண்டு தினமும் அதே பாதையில் செருப்புக் காலோடு போகிறவர்கள்தான் இந்த மலையின் நிஜமான ஆஃப்ரோடு ஓட்டுநர்கள், நம்மைவிட நன்றாகவே ஓட்டுகிறார்கள். ஆனால் அவர்கள் பிழைப்புக்காக, பார்த்துப் பார்த்துப் போகிறார்கள். நாம் வேண்டுமென்றே கஷ்டமான பாதையைத் தேடிப் போகிறோம். அண்ணன் இப்போது முழங்கால் கார்டு போடுகிறார், வேட்டிக்கு மேல். அதுவும் ஒரு முன்னேற்றம்தான்.

ஷொர்ணூர்க்காரர் ஹரித் நோவா 2024 டக்காரில் ராலி 2 என்ற இரண்டாம் நிலை பைக் பிரிவை வென்ற பிறகு, பள்ளிப் பையன்கள் கூட்டம் நம் வாசலில் நிற்கிறது. சந்தோஷம்தான். ஆனால் 18 வயது ஆகாத பையன் அப்பா வண்டியை ரோட்டில் எடுத்து வந்து மாட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு பெற்றோரையோ வண்டி உரிமையாளரையோதான் பிடிக்கும்: 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பையன்களுக்கு என்று தரிசு மேட்டில் தனி நேரம் ஒதுக்கலாம், பெற்றோர் கூட வர வேண்டும். பெரியவர்களின் கார்டை இழுத்துக் கட்டி விடக் கூடாது, அவர்கள் அளவுக்கே வாங்க வேண்டும்.

முதலுதவி வகுப்பு நடந்தது. விழுந்தவர் மூச்சு விடுகிறார் என்றால் ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், கழுத்தை அசைக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். கழற்றியே ஆக வேண்டும் என்றால் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் கழுத்தைத் தாங்க, மற்றவர் கழற்ற. தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கும் நம் ஊர்ப் பழக்கத்தை மாற்றுவதுதான் மிகக் கஷ்டம். இனி மூன்று பேருக்குக் குறைந்து யாரும் பாதையில் இறங்கக் கூடாது. ஒருவர் அடிபட்டவரோடு இருப்பார், ஒருவர் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்குப் போய் 108-ஐ அழைப்பார்.

வெளியூர் நண்பர்களுக்கு: 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கு ஈ-பாஸ் வேண்டும். எடுத்துக்கொண்டு வாருங்கள், சங்கத்தின் பெயரைச் சொன்னால் செக்போஸ்டில் விடமாட்டார்கள்.

பொதுக்குழுவின் முன் மூன்று தீர்மானங்கள். கணுக்காலை முழுதாக மூடும் ஆஃப்ரோடு பூட்ஸ் இல்லாதவர் அடுத்த ஓட்டப் பருவத்திலிருந்து பாதையில் இறங்கக் கூடாது. பூட்ஸ் வாங்கச் சங்க நிதியிலிருந்து வட்டியில்லாக் கடன், மாதத் தவணையில் திருப்பிக் கட்டலாம். மூன்று பேர் விதி எழுத்தில் சேர்க்கப்படும். பூட்ஸ் தீர்மானத்தில்தான் வாக்குவாதம் வரும் என்பதால் அதை முதலில் எடுத்துக்கொள்ளும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன். கடனுக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் கால் அளவையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு அளக்க வேண்டும், அளவு அட்டை பொருளாளர் மேசையில் இருக்கிறது.