வாகன உதிரிபாக விற்பனையாளர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025-26

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வழக்கம்போல் வராத உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு ஒன்பது முறை கூட்டப்பட்டது. நான்கு முறை கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை, சேரவில்லை. ஆயுத பூஜை சிறப்பாக நடந்தது. கோடையில் மோர்ப்பந்தல் வைத்தோம்.

இனி, காலி கேன் விஷயம். "செயலாளர் காயலான் கடை வைத்துவிட்டார்" என்று கிண்டல் செய்தவர்களுக்காகவே சற்று விரிவாகச் சொல்கிறேன். பட்டறையில் ஆயில் மாற்றியதும் கேனையும் மூடியையும் அப்படியே எடைக்குப் போடுகிறார்கள். அதில்தான் மட்டமான ஆயில் ஊற்றி, புது சீல் ஒட்டி, திரும்ப நம் ஊருக்கே அனுப்புகிறார்கள். எனவே காயலான் கடையைவிடக் கூடுதல் விலை கொடுத்துக் கேன்களை வாங்கி, ஓட்டை போட்டு அனுப்பினோம். ஆடி முதல் தை வரை நடந்தது. கடைசி இரண்டு மாதச் செலவு என் கைக்காசு.

ஏன் இந்த வேலை? ஒரு பால்வண்டிக்காரர் பிரேக் ஷூவைக் கொண்டுவந்து என் கல்லாமேல் எறிந்தார். பெட்டி அச்சு, ஹோலோகிராம் எல்லாம் பிசகில்லை. ஷூமேல் ஒட்டியிருக்கும் லைனிங்கை நகத்தால் கீறினேன், தூளாகக் கொட்டியது. சரக்கு போலி. பில் கேட்டால் இல்லை. வாங்கியதும் என்னிடம் இல்லை. ஆனால் பெட்டியில் இருப்பது நான் டீலர்ஷிப் எடுத்த கம்பெனியின் பெயர். அரைமணி நேரம் தெருவே வேடிக்கை பார்த்தது.

செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததில் பில் போடுகிறவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பில்லே போடாதவருக்கு 28 என்ன, 18 என்ன?

கார்த்திகையில் நம் உறுப்பினர் ஒருவர் கடையில் போலிச் சரக்குக்காகப் போலீஸ் சோதனை நடந்தது. காட்டிக் கொடுத்தது நான்தான் என்று டீக்கடைவரை பேச்சு. 1999-ஆம் ஆண்டு டிரேட் மார்க் சட்டப்படி, வாரண்ட் இல்லாமல் சோதனையிட டிஎஸ்பி அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி வேண்டும். அதற்குமுன் டிரேட் மார்க் பதிவாளரின் கருத்தும் கேட்க வேண்டும். என் ஒரு போன்காலில் நடக்கிற காரியமா அது? அன்று இரவு பதினோரு மணிவரை ஸ்டேஷன் வாசலில் நின்றவன் நான். பேசியவர்கள் ஒருவரையும் அங்கே காணோம். போலி என்று தெரியாமல் விற்றேன் என்பவர், யாரிடம் வாங்கினோம் என்று காட்டியாக வேண்டும். துண்டுச்சீட்டில் வந்த பார்சலுக்கு எதைக் காட்டுவது? தண்டனை 6 மாதம் முதல் 3 ஆண்டுவரை. அபராதம் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை. இங்கே சிலர் தரையைப் பார்ப்பதை நான் கவனிக்கவில்லை.

கணக்கு பொருளாளரிடம் உள்ளது. வரவைவிடச் செலவு சற்றே அதிகம். பாதிப்பேருக்குமேல் சந்தா பாக்கி. தணிக்கையாளருக்கும், மண்டபம் தந்தவருக்கும், மோர் கலக்கிய கடைப் பையன்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை வேறு யாரேனும் ஏற்றால் சந்தோஷம். ஓட்டை போடும் ஊசி என் கடையில்தான் இருக்கிறது, வாங்கிக்கொள்ளலாம். யாரும் முன்வராவிட்டால் கேன் வாங்கச் சங்கம் பணம் ஒதுக்க வேண்டும்.

பின்கட்டில் சாப்பாடு தயார். ரசீதுப் புத்தகத்துடன் பொருளாளர் பந்தி வாசலில் உட்கார்ந்திருப்பார்.