நாலு புத்தி சொல்லச் சொன்னாய்

கல்லடி, மட்டக்களப்பு.

அன்புள்ள ரஞ்சிக்கு,

நீ அனுப்பிய மூன்று குரல்பதிவும் கேட்டேன். மூன்றாவதில் பாதிக்கு மேல் உன் மூக்குறிஞ்சல்தான். வாட்ஸ்அப்பிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்கு எழுதினால்தான் ஒழுங்காக வரும், அது உனக்குத் தெரியும்.

ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த நாளிலிருந்து உன் தம்பி மகன் அறையை விட்டு வெளியே வருவதில்லை, "உன்னட்ட அனுப்புறன், நாலு புத்தி சொல்லி விடு" என்கிறாய். கோவிக்காத புள்ள, நான் அவனைப் பார்க்க ஏலாது. என்னை மாமி என்று கூப்பிடுகிறவன் அவன். அவன் தகப்பன் என் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர். அந்த மனிசனைப் பற்றி மனதில் கிடப்பதை என்னிடம் எப்படிக் கொட்டுவான்? கொட்டினாலும், மறுகா கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்தித் திருவிழாவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான். தெரிந்தவர்களின் பிள்ளைகளை எடுப்பதில்லை என்பது எங்கள் உளவளத்துணைத் தொழிலில் கண்டிப்பு.

அவர்களுடைய பிரதேச செயலகத்திலேயே உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார், காசு கேட்கமாட்டார். 1926 என்ற இலக்கத்தையும் அவன் கைபேசியில் போட்டு வைக்கச் சொல், தேசிய மனநல நிறுவகத்தினுடையது. செத்துப்போகலாம் என்ற மாதிரி ஒரு சொல் அவன் வாயில் வந்தால் மட்டும் யோசிக்க வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகட்டும். "சொல்றவன் செய்யமாட்டான்" என்று நம்முடைய ஆட்கள் சொல்வது சுத்தப் பிழை. இன்னொன்று, அங்கே அவன் என்ன பேசினான் என்று நீ துருவித் துருவிக் கேட்டாலும் சொல்லமாட்டார்கள். உயிருக்கு ஆபத்து என்றால்தான் வாய் திறப்பார்கள்.

அந்த "நாலு புத்தி"தான் எனக்கு இரண்டு நாளாக நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. ரீச்சர் வேலை பார்த்தவள் இதற்குள் எப்படி வந்தாய் என்று முன்பும் கேட்டாய், நான் மழுப்பினேன். இப்போது சொல்கிறேன்.

2004 மார்கழி 26, சுனாமி. நீ அப்போது கனடாவில். நாவலடியில் வீடு இருந்த இடத்தில் மணல்தான் கிடந்தது. முகாமில் சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கப் போனேன். இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த தாய் ஒருத்தி, மூன்றாவதை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்திருந்தாள். நான் பக்கத்தில் குந்தி, தோளைத் தடவி, "அழாதீங்க, கடவுள் இந்தப் பிள்ளையையாவது விட்டு வெச்சிரிக்காரு" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பார்சலை வாங்கினாள். பிள்ளையை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டு எழும்பிப் போனாள். அந்த முகாம் இருந்த காலம் முழுக்க என்னோடு பேசவேயில்லை. நான் ஆறுதல்படுத்தியது அவளையல்ல. அவளுடைய அழுகையைத் தாங்கமுடியாத என்னைத்தான்.

உளவளத்துணை டிப்ளோமா படித்தபோது கார்ல் ரொஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் பாடத்தில் வந்தார். துணை செய்கிறவரிடம் இருக்கவேண்டியது என்று 1957இல் அவர் எழுதியவற்றில் மூன்றை வகுப்பில் மனப்பாடம் செய்தோம்: வந்தவரின் கண்ணால் பார்ப்பது, நிபந்தனை வைக்காமல் ஏற்பது, வேஷம் போடாமல் இருப்பது. பரீட்சைக்கு லேசு. மூன்றாவது எனக்கு இன்றைக்கும் கஷ்டம். பத்தொன்பது வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவளுக்கு, தெரியாததையும் தெரிந்த மாதிரிச் சொல்லும் பழக்கம் ஊறிவிடும்.

ஒரு கதை சொல்கிறேன், ஆளையும் ஊரையும் மாற்றித்தான். அறுபது தாண்டிய ஒரு அம்மா. புருஷன் தொண்ணூறாம் ஆண்டு சைக்கிளில் போனவர், திரும்பவில்லை. அந்த ஆண்டில் நம்முடைய பக்கத்தில் அப்படி எத்தனை வீடு என்று உனக்கே தெரியும். வந்தவ இரண்டு கிழமையும் புருஷனைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. எல்லாம் அவவுடைய சிவப்புக் கோழியைப் பற்றித்தான். காணாமல் போயிற்று, கீரி பிடித்திருக்கும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்களாம். எனக்குள்ளே இருந்த ரீச்சர் மணிக்கூட்டைப் பார்த்தாள், ஒளிக்கவில்லை. மூன்றாம் கிழமை, தேத்தண்ணியில் ஆடை படியும் வரைக்கும் கையிலேயே வைத்திருந்துவிட்டு, "ஒரு இறகு கூடக் கிடைக்கல்ல மகள். இறகு கிடந்தா கீரிதான் எண்டு நினைச்சிருப்பன்" என்றா.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கேள்வி கேட்கவில்லை. "ஒரு இறகு கூடக் கிடைக்கல்ல" என்று அவவுடைய சொல்லையே திருப்பிச் சொன்னேன். அவவுடைய கை நெற்றிப் பொட்டுக்குப் போயிற்று. பேத்திக்குக் கல்யாணம் வருகிறது, பொட்டோடு நிற்பதா பொட்டில்லாமல் நிற்பதா என்று அன்றைக்குத்தான் கேட்டா. புருஷனுக்கு முப்பத்தோராம் நாள் கிரியை செய்யாத வீடு. செய்தால் நானே கொன்ற மாதிரி, செய்யாவிட்டால் அவர் பசியோடு அலைவார் என்றா. போலின் பொஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி இதற்குத் "தெளிவற்ற இழப்பு" என்று பெயர் வைத்திருக்கிறா. பெயர் இருப்பது எனக்கு உதவியது, நான் குழம்பாமல் இருக்க. அந்த அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. பொட்டு வை, வைக்காதே என்றும் சொல்லவில்லை. என்ன முடிவெடுத்தா என்பது உனக்குத் தேவையில்லை.

இப்படிக் கேட்டுக் கேட்டு நீ எப்படி நித்திரை கொள்கிறாய் என்கிறாய். சில நாள் கொள்வதில்லை. எனக்கும் மேற்பார்வைக்கு ஒருவர் இருக்கிறா, மாதம் ஒருக்கால் போய் நான் விட்ட பிழைகளைச் சொல்லிவிட்டு வருவேன். மற்ற நாட்களில் வாவிக்கு மேலே உள்ள கல்லடிப் பழைய பாலத்தில் கொஞ்ச நேரம் நிற்பேன். அங்கே மீன் பாடும் என்பார்கள், இதுவரைக்கும் நான் கேட்டதில்லை, கேட்டதாகச் சொல்கிறவர்களோடு சண்டைக்கும் போவதில்லை.

தம்பி மகனை வரச்சொல். உளவளத்துணைக்கு இல்லை, மாமி வீட்டுக்கு. வெள்ளன சொன்னால் வாவி நண்டு வாங்கி வைப்பேன். பெறுபேறு பற்றி ஒன்றும் கேட்கமாட்டேன். கதவை அவனாகவே சாத்திக்கொண்டு படுத்தாலும் தட்டமாட்டேன், கறி ஆறினால் மட்டும் கூப்பிடுவேன்.

அன்புடன்,
தேவி