டிவியில் படம் வரவில்லை என்று லேப்டாப்பைக் கழித்துவிடாதீர்கள்

டர்பன் வட்டாரக் கோயில் நிர்வாகக் குழுவினருக்கும், வார இறுதியில் தமிழ் வகுப்பு நடத்தும் அக்காமாருக்கும் அண்ணன்மாருக்கும்,

வணக்கம்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. நம் வகுப்புகளில் இருப்பவை பெரும்பாலும் அலுவலகங்கள் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த லேப்டாப்கள். விண்டோஸ் 11 கேட்கும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் ப்ராசஸர் அவற்றில் கிடையாது. அதனால்தான் விண்டோஸுக்குப் பதிலாக, காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டோம். லேப்டாப்பைத் தயாரித்த நிறுவனம் அந்த மாடலுக்கு லினக்ஸை ஆதரிக்கவில்லை என்பது உண்மை. ஆனாலும் லேப்டாப் வேகமாக ஓடுகிறது, தமிழ்99 விசைப்பலகை காசில்லாமல் கிடைக்கிறது, பாதுகாப்பு அப்டேட்டும் வருகிறது. மண்டபத்து டிவியில் மாட்டும்போதுதான் தகராறு: லேப்டாப்பில் தெரியும் படம் டிவியில் வருவதில்லை.

இதை வைத்து, எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் புதிது வாங்கலாம் என்று சில குழுக்களில் பேச்சு அடிபடுகிறது. அந்த முடிவைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

பெரிய திரை நமக்கு ஆடம்பரம் இல்லை. நம் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் தமிழ்ப் பேச்சே கிடையாது. எழுத்தைக் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்கிறார்கள். கடைசி வரிசையில் இருக்கும் குழந்தைக்குப் பதினான்கு அங்குலத் திரையில் ணகரத்துக்கும் னகரத்துக்கும் எத்தனை சுழி என்று எப்படித் தெரியும்? டிவி வேலை செய்யாத சனிக்கிழமைகளில் அக்கா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகக் காட்டிக்கொண்டு போகிறார். அவர் பாடம் நடத்த வேண்டிய நேரம் அது.

ஏன் படம் வருவதில்லை? நான் பார்த்த லேப்டாப்களில் அடிக்கடி வந்த காரணம், திரையில் படம் காட்டும் வேலையைச் செய்யும் என்விடியா கிராஃபிக்ஸ் சிப். சில மாடல்களில் லேப்டாப்பின் சொந்தத் திரையை இன்டெல் சிப் ஓட்டும்; டிவி கேபிள் மாட்டும் எச்டிஎம்ஐ போர்ட் மட்டும் என்விடியா சிப்பிலிருந்து வரும். அந்த சிப்பை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஏறவில்லை என்றால் உள்திரை பளிச்சென்று இருக்க, வெளித்திரை இருண்டே கிடக்கும். லினக்ஸ் மின்ட்டில் டிரைவர் மேனேஜர் என்று ஒன்று இருக்கிறது. அதைத் திறந்து, பரிந்துரைக்கும் டிரைவரைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் ஏற்றவிடும் பாதுகாப்பு அமைப்பு) போட்டிருக்கும் லேப்டாப் இடையில் ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். ரீஸ்டார்ட் செய்ததும் நீல நிறத் திரை ஒன்று பத்து நொடிக்கு வந்து நிற்கும். ஏதாவது ஒரு விசையை அழுத்தி உள்ளே போய், சாவியைப் பதிவு செய்யும் (Enroll MOK) வரியைத் தேர்ந்தெடுத்து, அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். நீலத் திரையைப் பார்த்ததும் வைரஸ் என்று பயந்து விட்டுவிடுகிறார்கள். விட்டுவிட்டால் டிரைவர் இருந்தும் ஏறாது, டிவியும் இருட்டுதான்.

இன்னொரு தொல்லை, யூஎஸ்பி வழியாகப் படம் அனுப்பும் டிஸ்ப்ளேலிங்க் வகை டாக் (லேப்டாப்பில் மாட்டும் இணைப்புப் பெட்டி). அதற்குத் தனி டிரைவர் வேண்டும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் மாறும்போதெல்லாம் அந்த டிரைவரின் ஒரு பகுதியைத் திரும்பக் கட்ட வேண்டியிருக்கிறது. வெள்ளிக்கிழமை இரவு அப்டேட் போட்டுவிட்டு சனிக்கிழமை காலையில் வகுப்புக்கு வந்தால் கதை கந்தல். யாராவது நல்ல மனதோடு டாக் கொடுக்க முன்வந்தால், அது டிஸ்ப்ளேலிங்க் வகையா என்று முதலில் கேளுங்கள். அப்படியானால் சாதாரண எச்டிஎம்ஐ கேபிளே போதும் என்று சொல்லிவிடுங்கள்.

கேபிளிலும் கவனம் வேண்டும். எல்லா யூஎஸ்பி-சி போர்ட்டும் படம் அனுப்பாது. சிலது சார்ஜ் ஏற்றவும் கோப்பு மாற்றவும் மட்டும்தான். பழைய ப்ரொஜெக்டரில் விஜிஏ என்ற பழைய வகை போர்ட் மட்டும் இருந்தால், எச்டிஎம்ஐ-யிலிருந்து மாற்ற உள்ளே சிப் வைத்த கன்வெர்ட்டர் வேண்டும். வெறும் ஒயர் ஒத்துவராது.

நன்கொடையாக வந்த 2012 மேக்புக் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய மேக்கில் புது இயங்குதளம் போட உதவும் ஓப்பன்கோர் லெகசி பேட்சர் வழியாகப் புது மேக்ஓஎஸ் போட்டிருந்தால், ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் கிராஃபிக்ஸ் பேட்ச்சைத் திரும்பப் போட வேண்டும். அதுவரை திரை தடுமாறத்தான் செய்யும். அது லேப்டாப்பின் கோளாறு இல்லை.

சரி, உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த கூட்டத்தில் லேப்டாப்களைக் கழிக்கும் தீர்மானம் வந்தால், மண்டபத்து டிவியோடு வைத்து ஒரு காலைப் பொழுது சோதித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வகுப்பு நடக்கும் நேரத்தில் வேண்டாம்; பிள்ளைகள் இல்லாத நாளாக இருக்கட்டும். அப்டேட் போடும் பொறுப்பை ஒவ்வொரு கோயிலிலும் ஒருவரிடமே கொடுங்கள், வகுப்புக்கு முந்தின நாள் அவரும் தொடக் கூடாது. மூத்த மாணவர்களில் கணினி ஆர்வம் உள்ளவர்கள் நிச்சயம் இருப்பார்கள், அவர்களைக் கூப்பிடுங்கள்.

அப்படிச் சோதித்தும் சில லேப்டாப் தேறாமல் போகலாம். சில பழைய என்விடியா சிப்புகளுக்குப் புது கெர்னலில் என்விடியாவின் டிரைவர் கிடைக்காது. அவற்றை மட்டும் கழியுங்கள், நானே ஒத்துக்கொள்கிறேன். மீதி லேப்டாப்களை மாற்றச் செலவழிக்காத ரேண்டில் பாடப் புத்தகம் வாங்கலாம். ஜனவரியில் பள்ளி திறப்பதற்குள் கைக்கு வந்துவிடும். எந்தக் கோயில் கூப்பிட்டாலும் கேபிள், கன்வெர்ட்டர், இன்ஸ்டால் செய்யும் யூஎஸ்பி எல்லாம் எடுத்துக்கொண்டு நானே வருகிறேன்.

அன்புடன்,
சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தன்னார்வலர்