தோடர் கண்ணும் இரண்டு கோடுகளும்: மருமகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மருமகனே,

மனம் இயங்கும் விதம் முழுவதையும் ஒரே கோட்பாட்டில் அடக்கிவிடலாம், மூளை எப்போதும் ஊகித்து ஊகித்து, பிழையைக் குறைத்துக்கொண்டே இருக்கிறது என்கிற மூளை ஆய்வாளர் கார்ல் ஃப்ரிஸ்டன் அதற்குச் சமன்பாடே போட்டுவிட்டார் என்று எழுதியிருந்தாய். ஆசை நியாயமானதுதான். துண்டு துண்டாகச் சோதனை செய்துகொண்டே போனால் முழு மனம் எப்போது பிடிபடும் என்று 1973-லேயே ஆலன் நியூவெல் என்ற கணினி, மன ஆய்வாளர் சலித்துக்கொண்டார். பிறகு கூட்டாளிகளோடு சேர்ந்து மனம் யோசிக்கிற மாதிரியே இயங்க 'சோர்' என்று ஒரு மென்பொருளையே கட்டினார். அது கிடக்கட்டும், நம்ம ஊர்ச் சங்கதி ஒன்று சொல்கிறேன்.

1901-02-ல் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற கேம்பிரிட்ஜ்காரர் நீலகிரிக்கு வந்தார். தோடர்களின் சடங்கு, உறவுமுறை எல்லாம் எழுதிவைத்த அதே மனுஷன்தான். கையோடு பார்வைச் சோதனைகளும் செய்தார். ஒன்றை நீயே வரைந்து பார். சம நீளத்தில் இரண்டு கோடு. ஒன்றின் இரு முனையிலும் அம்புத்தலை; மற்றதில் அந்தச் சிறகுகளை வெளிப்பக்கமாக விரித்துவிடு. விரிந்ததுதான் நீளமாகத் தெரியும். ஸ்கேல் வைத்து அளந்த பிறகும் கண் கேட்காது. தோடர்களோ ஆங்கிலேயர் அளவுக்கு இதில் ஏமாறவில்லை!

ஏன்? சதுர அறை, சுவர் மூலை என்றே பார்த்து வளர்ந்த கண்தான் அதிகம் ஏமாறும் என்று 1966-ல் செகால் என்ற ஆய்வாளரின் குழுவினர் காரணம் சொன்னார்கள். தோடர் வீட்டை நீதான் பார்த்திருக்கிறாயே. மூங்கிலும் பிரம்பும் வளைத்துக் கட்டிய அரைப்பீப்பாய்க் கூரை, தவழ்ந்து நுழைகிற வாசல். முன்சுவரை விட்டால் மூலைக்கு எங்கே போவது? எனக்கும் இந்த விளக்கம் ரொம்பப் பிடித்திருந்தது.

2015-ல் பவன் சின்ஹா என்ற பார்வை ஆய்வாளரின் குழுவினர் அதைக் குழப்பிவிட்டார்கள். பிறவியிலேயே பார்வையில்லாத நம் நாட்டுப் பிள்ளைகளுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்த கையோடு இதே கோடுகளைக் காட்டினார்கள். ஒரு மூலையையும் பார்த்துப் பழகாத அந்தப் பிள்ளைகளும் ஏமாந்தார்கள்.

உன் ஃப்ரிஸ்டன் ஆட்கள் இரண்டுக்கும் பதில் வைத்திருப்பார்கள். தோடர் விஷயத்தில் மூளையின் ஊகம் பழக்கத்தால் வந்தது, பிள்ளைகள் விஷயத்தில் கூடவே பிறந்தது என்பார்கள். நடந்து முடிந்த பிறகு எல்லாவற்றுக்கும் கிரகம் காட்டுகிற ஜோசியரும் இதைத்தானே செய்கிறார்?

உன் பேராசிரியரிடம் ஒன்று கேள். அந்தப் பிள்ளைகளின் கண்கட்டை அவிழ்க்கும் முன்பே, எந்தக் கோடு எவ்வளவு நீளமாகத் தெரியும் என்று அந்தச் சமன்பாடு சொல்லியிருக்குமா? சொல்லும் என்றால் கணக்கைப் போட்டு அனுப்பு, உட்கார்ந்து படிக்கிறேன். வர்க்கி கேட்டாள் உன் அம்மா. அடுத்த வாரம் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.

உன் மாமா,
கோத்தகிரி