ஆண்டறிக்கை 2024–25: நமது கொட்டகையில் நிற்கும் செவலைக் குதிரையை ஒப்படைப்பது குறித்து

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் விலங்குநலச் சங்கத்தின் வழக்கமான பணிகள் இந்த ஆண்டும் தடையின்றி நடந்தன. தெருநாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டோம். கோடையில் தண்ணீர்த் தொட்டிகள் வைத்தோம். வேலந்தாவளம், கோபாலபுரம் சாலைகளில் அடிபட்ட மாடுகளுக்குச் சிகிச்சை பார்த்தோம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மீட்கப்பட்டு நம்மிடம் வந்த செவலைப் பெண் குதிரையை யாரிடம், என்ன நிபந்தனையில் கொடுப்பது என்பதை இன்று முடிவு செய்ய வேண்டும் என்பதால், மீதி அறிக்கை முழுவதும் அதைப் பற்றியதே.

கீழ்த்தாடையில் நடுப்பற்கள் இரண்டும் விழுந்து நிலைப்பற்கள் முளைத்துவிட்டன. அடுத்த ஜோடி இன்னும் பால்பற்கள்தான். ஆகவே வயது இரண்டரைக்கு மேல், மூன்றரைக்குள். மார்புச் சுற்றளவு 142 செ.மீ., தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரை நீளம் 130 செ.மீ. சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் எடை சுமார் 220 கிலோ என்று வருகிறது. சேணத்தையும் சேர்த்து ஒரு குதிரை சுமக்கத்தக்கது அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான். இந்தக் கணக்கில் 44 கிலோ. அதாவது இன்றைக்கு இதன் மேல் வளர்ந்த ஆள் எவரும் உட்காரக் கூடாது. உயரம் எட்டிவிட்டதே என்று பலர் சொல்கிறார்கள். ஆனால் முன்னங்கால் மூட்டின் வளர்ச்சித் தட்டு, அதாவது எலும்பு நீளும் குருத்தெலும்புப் பகுதி, இரண்டரை வயது வாக்கில்தான் மூடுகிறது. முதுகெலும்பு முற்ற ஐந்து வயதைத் தாண்ட வேண்டும். நான்கு வயது வரை சவாரி வேண்டாம் என்பதே செயற்குழுவின் பரிந்துரை.

தீவனத்தில்தான் நம் பக்கத்து ஆட்கள் அதிகம் தவறுகிறார்கள். பட்டினி கிடந்த குதிரை வந்ததும் இரக்கப்பட்டுத் தானியத்தை அள்ளிப் போடுவார்கள். மாவுச்சத்து திடீரென வயிற்றில் இறங்கும்போது இரத்தத்தில் பாஸ்பரஸ், மெக்னீசியம் அளவு சரிந்து, தேறிவந்த குதிரை சில நாட்களில் விழுந்துவிடும். அதனால் முதலில் குதிரை மசால் என்னும் பயறுவகைத் தீவனத்தை மட்டும், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கைப்பிடி கைப்பிடியாகக் கொடுத்தோம். இப்போது உலர் எடையில் நாளுக்குச் சுமார் நாலரை கிலோ: பாதிக்கு மேல் காய்ந்த புல், மீதி குதிரை மசால், ஊறவைத்த கொள்ளு கொஞ்சம். உப்புக்கட்டி எப்போதும் எட்டும் இடத்தில் தொங்குகிறது. இதை மாற்றுவதானால் பத்து நாளில் படிப்படியாக மாற்றட்டும். ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுவலி வரும். மாட்டுக்குப் போடுகிறோமே என்று கோ-4 என்னும் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லையே முழுத் தீவனமாக்க வேண்டாம். அதிலுள்ள ஆக்சலேட் என்னும் உப்பு, சுண்ணாம்புச்சத்தை உடலில் சேரவிடாமல் கட்டிவிடும். தவிட்டில் பாஸ்பரஸ் மிகை. இரண்டும் சேர்ந்தால் தாடை எலும்பு வீங்கி, கால் நொண்டும். கோழிப்பண்ணை வைத்திருப்பவர்கள் மிகக் கவனமாகக் கேளுங்கள்: கோழித்தீவனத்தில் கலக்கும் மோனென்சின் மருந்து, குதிரையின் இதயத்தசையை அழித்துக் கொன்றுவிடும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. ஒரே வாளி, ஒரே முறம்கூட இரண்டுக்கும் பொதுவாக இருக்கக் கூடாது.

பழக்கம் பாதியில் நிற்கிறது. தலைக்கயிறு போட்டுக்கொள்ளும், இரு பக்கமும் கூடவே நடக்கும், முன்கால்களைத் தூக்கக் கொடுக்கும். பின்கால் இன்னும் வரவில்லை. இடுப்பிலிருந்து புறங்கையால் தடவிக்கொண்டே கீழே போனால் முழங்கால் வரை பொறுக்கும். கணுவைத் தொட்டதும் காலை இழுக்கும். அப்போது பிடித்துத் தொங்கினால் உதைக்கத்தான் கற்றுக்கொள்ளும். இரண்டு நொடி தூக்கி, அது இழுப்பதற்கு முன்பே நாமாக இறக்கிவிட வேண்டும். அழுத்தம் எந்த நொடியில் விலகுகிறதோ, அந்த நொடியில் செய்ததைத்தான் குதிரை சரியென்று எடுத்துக்கொள்கிறது. பின்கால் பழகும் வரை லாடம் கட்டுபவரிடம் கொண்டுபோகாதீர்கள். லாடம் இப்போது தேவையுமில்லை. ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவினால் போதும்.

கட்டும்போது கயிற்றை நேராக வளையத்தில் கட்டாமல், நடுவே ஒரு சணல் நூல் வளையம் விட்டுக் கட்டுங்கள். நம் தோப்புகளில் தென்னை மட்டை விழாத நாளில்லை. மிரண்டு பின்னால் இழுக்கும்போது சணல் அறுந்தால் கழுத்து தப்பும். நீள்கயிற்றில் வட்டமாக ஓட்டுவதானால் பத்து நிமிடம், பெரிய வட்டம், திசையை மாற்றி மாற்றி. சின்ன வட்டத்தில் சுழற்றினால் இளம் மூட்டுகள் கெடும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் நாட்களில் புதிய பாடம் எதையும் தொடங்க வேண்டாம்.

கடிவாளத்தை இப்போதைக்குத் தொடாதிருப்பது நல்லது. கடைவாய்ப் பால்பற்கள் கழலும் பருவம் இது, ஈறு நோகும். வாயில் இரும்பு பட்டதும் தலையை உதறினால் அதைத் திமிர் என்று அடிக்கிறார்கள். அந்த அடியில்தான் பல நல்ல குதிரைகள் கெட்டுச் சந்தைக்குப் போகின்றன.

இரணஜன்னித் தடுப்பூசி முதல் இரண்டு தவணையும் போட்டாயிற்று. இனி ஆண்டுக்கு ஒன்று. குதிரைகளுக்கு வரும் தொற்றுநோயான கிளாண்டர்ஸ் மனிதரையும் தாக்கும் என்பதால், இரத்தப் பரிசோதனையில் நோயில்லை என்று உறுதியான பிறகே ஒப்படைப்போம். மழைக்காலத்தில் குதிரை ஈ மொய்த்த பின் விட்டுவிட்டுக் காய்ச்சலும் காலில் வீக்கமும் கண்டால், சர்ரா என்னும் இரத்த ஒட்டுண்ணி நோய்க்கு இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். மாநில எல்லை தாண்டி ஏற்றும்போது, பயணத்துக்குத் தகுதி என்ற கால்நடை மருத்துவர் சான்று வண்டியிலேயே இருக்க வேண்டும்.

பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கும் நிபந்தனைகள் கடுமையானவைதான். குதிரை பழக்கிய அனுபவம் வீட்டில் ஒருவருக்காவது இருக்க வேண்டும். பிள்ளையும் குட்டியும் சேர்ந்தே கற்றுக்கொள்ளட்டும் என்று கேட்டவர்களுக்கு மறுத்துவிட்டோம். துணைக்கு இன்னொரு குதிரையோ கழுதையோ வேண்டும், தனியே நின்றால் வேலியை உடைக்கும். தார்ச்சாலைப் பந்தயத்துக்கு விடக் கூடாது, சினைக்கு விடக் கூடாது. முதல் மாதம் சோதனைக் காலம். அதன் பிறகும், எத்தனை ஆண்டு கழித்தானாலும், வைத்துக்கொள்ள முடியாத நிலை வந்தால் விற்காமல் நம்மிடமே திருப்பித் தர வேண்டும். நாம் மறுக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடைசி வரி நம்மையும் கட்டுப்படுத்துகிறது. அதற்காகக் கொட்டகையில் ஓர் இடத்தைக் காலியாகவே வைத்திருக்கும் செலவையும் சேர்த்து ஒப்புதல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலர்
கொழிஞ்சாம்பாறை