லாரி ரேடியேட்டர் மேல பிரஷர் வாட்டர் கன்னை வெச்சு அடிக்காதீங்க: ஓனர்களுக்கும் வாட்டர் சர்வீஸ்காரங்களுக்கும் ஒரு திறந்த மடல்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்து லாரி ஓனர் அண்ணன்மாருங்களுக்கும், பைபாஸ் ஓரத்துல வாட்டர் சர்வீஸ் நடத்துறவங்களுக்கும் வணக்கமுங்க. நான் ரேடியேட்டர், அதாவது இன்ஜின் சூட்டை ஆத்துற பாகம், அதுக்கான பட்டறையில வேலை பாக்குறவன். ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்த விஷயம், கொஞ்சம் பொறுமையா படிங்க.

வண்டி ஹீட் ஆகுதுன்னு எங்ககிட்ட கொண்டு வர்றப்ப ஓனருங்க முதல்ல சொல்றது, "இப்பத்தான் வாட்டர் சர்வீஸ் விட்டு எடுத்தோம், ரேடியேட்டர்ல அழுக்கே இல்ல"ங்கிறதுதான். கிரில்லைத் திறந்து முன்னாடி நின்னு பாத்தா சுத்தமாத்தான் இருக்கும். ஆனா அதுக்கு முன்னால இருக்குற இன்டர்கூலர் (டர்போலேர்ந்து இன்ஜினுக்குப் போற காத்தை ஆத்துறது) போல்ட்டைக் கழட்டி கொஞ்சம் முன்னால சாய்ச்சுப் பாருங்க, அதுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல இருக்குற சந்துல மண்ணு, தேங்காநார், பூச்சி, வைக்கோல் தூசு எல்லாம் ஆயில் பிசுக்கோட சேந்து பவானி ஜமக்காளம் மாதிரி ஒரே விரிப்பா படிஞ்சிருக்கும், கையில பிடிச்சு இழுத்தா பாளம் பாளமா வரும். அதுக்குள்ள காத்து எங்கிருந்துங்க போகும்?

இப்ப வர்ற வண்டியில முன்னாடி ஒரு அடுக்கு மட்டும் இல்ல. ரேடியேட்டருக்கு முன்னால இன்டர்கூலர், ஏசி இருந்தா பல வண்டியில அதோட கண்டன்சரும் அங்கயேதான். 2025லேர்ந்து புது லாரிக்கெல்லாம் ஏசி கேபின் கட்டாயமாகிடுச்சு, டிரைவருங்களுக்கு ரொம்ப நல்ல விஷயம், ஆனா இனிமே அடுக்கு கூடிக்கிட்டேதான் போகும். காத்து முன்னாலேர்ந்து பின்னால போகுது, அழுக்கும் அதே வழியிலதான் உள்ள போயி மாட்டுது. நீங்களும் முன்னாலேர்ந்து கன்னை வெச்சு பிரஷர்ல அடிச்சா மேல இருக்குறது கொஞ்சம் போகும், மிச்சம் இன்னும் ஆழமா போயி அடைச்சுக்கும். அதோட அந்த ஃபின்ஸ் இருக்கே, மெல்லிசான அலுமினியத் தகடுங்க அது, நகம் பட்டாலே மடங்கும், அதுமேல கிட்டக்க வெச்சு கன் அடிச்சா வரிசையா படுத்துடும். படுத்த இடத்துல காத்து நுழையாது, அப்புறம் எவ்வளவு கழுவினாலும் வண்டி ஹீட்டுதான்.

செய்யுற முறை ஒண்ணும் பெரிய வித்தை இல்லீங்க, நேரம்தான் வேணும். இன்ஜின் நல்லா ஆறணும், சாவியை எடுத்துடணும், ஆல்டர்னேட்டரையும் சென்சார் கனெக்டரையும் பிளாஸ்டிக் கவர் போட்டு மூடணும் (புகைக் கட்டுப்பாட்டுக்கு நிறைய சென்சார் வெச்ச பிஎஸ்6 வண்டியில இதை விட்டா வேற செலவு வந்து நிக்கும்), இன்டர்கூலரை கழட்டவோ சாய்க்கவோ செஞ்சு கை போற அளவுக்கு இடம் பண்ணணும். காஞ்ச தூசியை முதல்லயே ரேடியேட்டருக்குப் பின்னால இருக்குற ஃபேன் பக்கத்துலேர்ந்து முன்னால பாத்து மெதுவா ஏர் அடிச்சு எடுத்துடணும், ஏன்னா தண்ணி பட்டா அது சேறாகி இறுகிடும். ஆயில் பிசுக்கு இருந்தா அலுமினியத்துக்கு ஒத்துக்கிற டீகிரீசர் அடிச்சு ஊற விடணும், அப்புறம் சாதா ஹோஸ் தண்ணி, அதையும் ஃபேன் பக்கத்துலேர்ந்துதான், நேரா பிடிச்சு, முன்னால வர்ற தண்ணி தெளிவா வர்ற வரைக்கும் விடணும். மடங்கின ஃபின்ஸை அதுக்குன்னு இருக்குற சீப்பை வெச்சு நிமித்தலாம். காஸ்டிக் சோடா, ஆசிட் ரெண்டையும் கிட்டயே கொண்டு வராதீங்க, அலுமினியத்தை அரிச்சுடும்.

உள்பக்கமும் பாருங்க. நம்ம பக்கத்து போர் தண்ணி எவ்வளவு உப்புன்னு எல்லாருக்கும் தெரியும், அதையே ஊத்தி ஓட்டினா டியூபுக்குள்ள உப்பு கட்டும். பழைய பித்தளை ரேடியேட்டர்னா டேங்கைப் பிரிச்சு கம்பி விட்டு எடுத்தோம், இப்ப வர்ற அலுமினியம் கோர் (டியூபும் ஃபின்ஸும் சேந்த நடுப்பாகம்), பிளாஸ்டிக் டேங்க்ல அந்த வேலை ஆகாது. கம்பெனி சொன்ன கூலன்ட் மட்டும்தான் ஊத்தணும். ஹீட் ஆகுதுன்னு தெர்மோஸ்டாட்டை (சூட்டைப் பொறுத்து கூலன்ட்டைத் திறந்து விடுற வால்வு) கழட்டிப் போடுறதும் வேண்டாங்க, அது வைத்தியமே இல்ல.

எனக்கு இதுல ரொம்ப வலிக்கறது டிரைவருங்க நிலைமைதான். சேலத்துலேர்ந்து தர்மபுரி பாத்து ஃபுல் லோடோட தொப்பூர் ஏத்தம் ஏறுறப்ப ஹீட் கேஜ் முள்ளு சிவப்புக்குப் போகும், ஓரங்கட்டி நிக்கணும், ஓனர் போன் மேல போன் போடுவாரு, அவசரத்துல சூடா இருக்குறப்பவே ரேடியேட்டர் மூடியைத் திறந்து மூஞ்சி கையெல்லாம் வெந்து போனவங்க இருக்காங்க. இல்லன்னா இன்ஜின் தலைக்கு அடியில இருக்குற ஹெட் கேஸ்கெட் போயிடும், "நீ கேஜைப் பாக்காம ஓட்டிட்ட"ன்னு பழியும் அவங்க தலையிலதான் விழும். அடைச்ச ரேடியேட்டரைக் கொடுத்துட்டு டிரைவரைக் குத்தம் சொல்றது நியாயமே இல்லீங்க.

வாட்டர் சர்வீஸ்காரங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். மொத்த வண்டிக்கும் ஒரே ரேட்டுன்னு பேசி, சீக்கிரம் முடின்னு நின்னா அந்தப் பசங்க கன்னைத்தான் எடுப்பாங்க. அதனால ஓனருங்க சங்கத்துல பேசி ரேடியேட்டர் கழுவறதுக்குத் தனி ரேட், தனி நேரம்னு வைங்க. நார் லோடு, கரும்பு லோடு, குவாரி ஓடுற வண்டிக்கு இன்னும் அடிக்கடி பண்ணணும். ஆயுத பூஜைக்கு முன்னால எல்லா வண்டியும் ஒரே நேரத்துல வரிசை கட்டுது, அந்த அவசரத்துலதான் நிறைய கோர் பாழாகுது, அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே ரேடியேட்டர் வேலையை மட்டும் தனியா முடிச்சுக்கோங்க. சர்வீஸ்ல வேலை பாக்குற பசங்களுக்குக் கத்துக் கொடுக்கணும்னா கூப்பிடுங்க, ஒரு பழைய கோரை எடுத்துக்கிட்டு வந்து நின்னு காட்டித் தர்றேன், காசெல்லாம் வேண்டாம்.